*த்வெனொஸ்: ‘நல்ல’ என்ற பெயரடையின் பிறப்பும் வாய்பாடும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலத்தீனில் ‘நல்ல’ என்று பொருள்படும் சொல் பொனுஸ். அதற்கு மூலமாகத் தொல் இத்தாலிக் மொழியில், அதாவது இலத்தீனுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் பொதுவான தாய்மொழியில், *த்வெனொஸ் என்ற வடிவம் இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பியல் மொழிநூலார் கணிக்கின்றனர். முன்னால் இடப்படும் உடுக்குறி, அவ்வடிவம் எந்த ஆவணத்திலும் நேரே கிடைக்கவில்லை, மகள் மொழிகளைக் கொண்டு மீட்டுருவாக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒப்பிலக்கணக் கருத்தரங்கில் இந்தச் சொல்லுக்கு ஓர் அகராதிப் பதிவு எழுதப்பட்டது. முதல் வரைவு எப்படி அமைந்தது, அதில் எவை மாற்றப்பட்டன, ஏன் மாற்றப்பட்டன என்பதே இந்த ஆய்வின் பொருள். வரைவை எழுதியவர் ஒரு முதுகலை மாணவி. அதைப் பரிசீலித்தவர்கள் கல்வெட்டியலில் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வாளரும் ஒலி வரலாற்றில் தேர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவரும் ஆவர். கூட்டங்களின் முடிவுகளைக் குறித்துவைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படும். தமிழில் ‘நல்ல’ என்னும் பெயரடை, நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரங்களை என எங்கு வந்தாலும் வடிவம் மாறாது. இத்தாலிக் மொழிகளிலோ பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் ஏற்றுத் திரியும். எனவே ஒரு பெயரடையை மீட்டுருவாக்குவது என்றால் ஒரே ஒரு வடிவத்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என்ற மூன்றுக்கும் ஒருமையிலும் பன்மையிலும் ஒவ்வொரு வேற்றுமைக்கும் உரிய வடிவத்தைக் கண்டாக வேண்டும். இவ்வடிவங்களின் முழு அட்டவணையே வாய்பாடு.

எழுத்துமுறை பற்றியும் ஒரு சொல். இக்கட்டுரையில் *த்வெனொஸ் என்பதன் தகரம் ‘தயவு’ என்ற சொல்லின் முதலெழுத்தைப் போலவும், பொனுஸ் என்பதன் பகரம் ‘பக்தி’யின் முதலெழுத்தைப் போலவும் ஒலிக்க வேண்டும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்ட நம் எழுத்தில் வசதி இருப்பதால், இத்தாலிக் விகுதிகளின் குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவாக எழுத முடிகிறது. *த்வெனொஸ் ஒருமை, *த்வெனோஸ் பன்மை என்ற வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

முதல் வரைவு

மாணவி கொண்டுவந்த வரைவு பார்வைக்கு நிறைவானதாக இருந்தது. சொல்லின் பொருள், இந்தோ-ஐரோப்பிய வேர், மூன்று பாலுக்குமான முழு வாய்பாடு, ‘மேலும் நல்ல’, ‘மிக நல்ல’ என்ற ஒப்பீட்டு வடிவங்கள், இலத்தீன் வழித்தோன்றல்கள் என எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. ஒவ்வொரு வடிவத்தின் முன்னும் ஒரே மாதிரியான உடுக்குறி நின்றது.

பேராசிரியர் எழுப்பிய முதல் கேள்வி அந்தச் சீர்மையைப் பற்றியதுதான். பானையில் பொறிக்கப்பட்டுக் கிடைத்த ஒரு வடிவத்திலிருந்து ஓர் அடி மட்டும் பின்னால் சென்று பெற்ற விகுதியும், வேறொரு பெயரின் விகுதியைக் கடன் வாங்கி இட்டு நிரப்பிய கட்டமும் ஒரே குறியைச் சுமந்தால், படிப்பவர் இரண்டையும் ஒரே உறுதியோடு எடுத்துக்கொள்வார் என்று அவர் சொன்னார். எனவே வாய்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் உள்ள சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

சான்றுகளில் கண்டவை

முதல் சான்று, 1880-இல் ரோமின் குயிரினால் குன்றுப் பகுதியில் ஹைன்ரிக் டிரெசெல் கண்டெடுத்த, மூன்று சிறு கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு மட்கலம். அது இப்போது பெர்லினில் உள்ளது. பொதுவாகக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் அதன் பொறிப்பு வலமிருந்து இடமாக, சொற்களுக்கிடையே இடைவெளியின்றி ஓடுகிறது. அதன் நடுப்பகுதி இன்றுவரை தெளிவாகப் பிரித்துப் பொருள் கொள்ளப்படவில்லை. ஆனால் இறுதிப் பகுதியில் ‘துவெனொஸ் என்னைச் செய்தான்’ என்று தொடங்கி, ‘துவெனோய்’ என்ற நான்காம் வேற்றுமை வடிவமும் வருகிறது. ஆக, எழுவாய் ஒருமை, நான்காம் வேற்றுமை ஒருமை என ஒரே பொறிப்பில் இரண்டு கட்டங்களுக்குச் சான்று கிடைக்கிறது.

இங்கே கல்வெட்டியல் ஆய்வாளர் ஒரு தடை எழுப்பினார். துவெனொஸ் என்பது அந்தக் குயவனின் இயற்பெயராகவும் இருக்கலாம் என்ற வாசிப்பு நெடுநாளாக உண்டு. இயற்பெயரானால் விகுதிக்குச் சான்றாகும், ‘நல்ல’ என்ற பொருளுக்கு ஆகாது. இதற்கு விடை அதே பொறிப்பின் முடிவில் இருக்கிறது. ‘மலொஸ் எவனும் என்னைத் திருடிச் செல்லாதிருப்பானாக’ என்ற கருத்துப்பட அது முடிகிறது. மலொஸ் என்றால் தீயவன். தீயவனுக்கு எதிரே நிறுத்தப்படும் சொல் நல்லவனைக் குறிப்பதாகக் கொள்வதே இயல்பு என்று மாணவி வாதிட்டார். எனக்கும் அது வலுவான வாதமாகவே பட்டது. தடை எழுப்பியவரும் ஏற்றுக்கொண்டார், ஆனால் இயற்பெயர் வாசிப்பையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும் என்றார்.

இரண்டாவது சான்று, இலத்தீனின் நெருங்கிய உறவான ஃபலிஸ்கன் மொழியினது. ரோமுக்கு வடக்கே, இன்று சிவிதா காஸ்தெல்லானா எனப்படும் ஃபலேரியை மையமாகக் கொண்டு வாழ்ந்தவர்களின் மொழி அது. தொடக்ககாலப் பானைப் பொறிப்பு ஒன்றில், கலமே பேசுவதாக அமைந்த வாசகத்தில், ‘துவெனொம் துவெனாஸ்’ என்ற தொடர் வருகிறது. இரண்டாவது சொல் பெண்பால் ஆறாம் வேற்றுமை ஒருமை, அதாவது நல்லவளுடையது. பிற்கால இலத்தீன் இந்த ஆஸ் விகுதியைக் கைவிட்டுவிட்டது. ‘குடும்பத் தலைவன்’ என்ற பொருளிலான பாதெர் ஃபமிலியாஸ் போன்ற உறைந்த தொடர்களில் மட்டுமே அது மிஞ்சியது. இலத்தீனில் அருகிப்போன ஒரு விகுதி அண்டை மொழியில் இதே பெயரடையின் மேலேயே நேரடியாகக் கிடைப்பது, இந்தச் சொல்லை ஆராய்பவருக்கு வாய்த்த பெரும்பேறு.

மூன்றாவது, ரோமின் ஆப்பியச் சாலையோரம் உள்ள ஸ்கிப்பியோக்களின் கல்லறையில், கி.மு. 259-இல் ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சலாக இருந்த லூசியுஸ் கொர்னேலியுஸ் ஸ்கிப்பியோவுக்கு எழுதப்பட்ட செய்யுள். ‘நல்லோருள் சிறந்தவர்’ என்று அவரைப் புகழும் இடத்தில் ‘துவொனோரொ’ என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை வருகிறது. எகரம் ஒகரமாகிவிட்டது, முதலில் உள்ள தகர வகரக் கூட்டு மட்டும் இன்னும் சிதையாமல் நிற்கிறது. ரோமின் சாலிய குருமார்களின் பழம்பாடலிலிருந்து ரோமானிய அறிஞர் வார்ரோ எடுத்துக்காட்டும் ‘துவொனுஸ்’ என்பதும் இதே படிநிலையைக் காட்டுகிறது.

இவற்றை வரிசைப்படுத்தினால் துவெனொஸ், துவொனொஸ், துவொனுஸ், பொனுஸ் என்ற பாதை கிடைக்கிறது. சொல்லின் முதலில் தகர வகரக் கூட்டு பகரமாவது இந்தச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ‘போர்’ எனப்படும் துவெல்லும் என்பது பெல்லும் ஆயிற்று. ‘இருமுறை’ எனப்படும் துவிஸ் என்பது பிஸ் ஆயிற்று. கி.மு. 260-இல் கார்த்தேஜியரைக் கடற்போரில் வென்ற துயிலியுஸின் குடிப்பெயர்கூட இவ்வாறு மாற்றி வழங்கப்பட்டதை ரோமானியப் பேச்சாளர் சிசெரோ பதிவு செய்கிறார். பாக்கனாலியா என்ற மதுக்கடவுள் விழாவைப் பற்றி ரோமானிய செனட் கி.மு. 186-இல் இயற்றிய தீர்மானம் பெல்லோனா என்ற தெய்வத்தின் பெயரைப் பழைய முறையில் ‘துவெலோனாய்’ என்றே எழுதுகிறது. சட்ட மொழிக்குப் பழைய எழுத்துமுறையின் மீது இருக்கும் பற்று மொழிவரலாற்றாளருக்குப் பல இடங்களில் கைகொடுக்கிறது.

எகரம் ஏன் தேவைப்படுகிறது

பொனுஸ் என்ற பிற்கால வடிவத்தை மட்டும் பார்ப்பவர் மூலத்தில் ஒகரத்தை வைத்துவிடக்கூடும். எகரம்தான் மூலம் என்பதற்குப் பழைய பொறிப்புகளோடு இலத்தீனின் உள்ளேயே வேறு சான்றுகளும் உண்டு. ‘நன்றாக’ என்னும் வினையடை பெனெ, ‘அழகான’ என்னும் பெல்லுஸ் இரண்டும் இதே அடியிலிருந்து பிறந்தவை. பின்னது *த்வெனெலொஸ் என்ற குறுமைப் பொருள் வடிவத்திலிருந்து, இடை உயிர் கெட்டு, னகரம் லகரத்தோடு ஒன்றியதால் வந்தது. பெனெயில் அடுத்த அசையில் முன்னுயிர், அதாவது நாவின் முன்பகுதியால் ஒலிக்கும் எகரம், இருந்ததால் எகரம் மாறாமல் நின்றது என்பது பேராசிரியரின் விளக்கம்.

இந்த விளக்கத்தை மாணவி ஒரு படி மேலே கொண்டு சென்றார். அடுத்த அசையின் உயிர்தான் காரணம் என்றால், வாய்பாட்டின் உள்ளேயே விளி வேற்றுமை *த்வெனெ போன்ற சில வடிவங்களில் எகரமும், மற்றவற்றில் ஒகரமும் என ஒரு காலத்தில் இரண்டும் கலந்து இருந்திருக்க வேண்டும். பின்னர் ஒகர வடிவங்கள் மிகுதியாக இருந்ததால் ஒப்புமையாக்கத்தால் எல்லாக் கட்டங்களும் ஒகரத்துக்கு மாறின, வாய்பாட்டுக்கு வெளியே நின்ற வினையடை மட்டும் தப்பியது. இந்த ஊகத்துக்கு நேரடிப் பொறிப்புச் சான்று இல்லையாயினும், உள்ள வடிவங்களை எல்லாம் முரணின்றி விளக்குவதால் அதை விளக்கக் குறிப்பில் சேர்க்க மூவரும் இசைந்தனர்.

மட்டம் பற்றிய விவாதம்

கருத்தரங்கில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்: *த்வெனொஸ் உண்மையில் தொல் இத்தாலிக் சொல்லா, அல்லது இலத்தீனும் ஃபலிஸ்கனும் மட்டும் பகிர்ந்துகொண்ட ஒரு சொல்லா?

இத்தாலிக் குடும்பத்தின் மறு கிளையான ஆஸ்கன், உம்ப்ரியன் மொழிகளில் இந்தச் சொல் கிடைக்கவில்லை. அங்கே ‘நல்ல’ என்பதற்கு வேறு சொல் வழங்கியது. பண்டை இத்தாலிய மக்களான சபீனரின் மொழியில் சிப்ரும் என்றால் நல்லது என்று, ரோமின் ஒரு தெருப்பெயரை விளக்குமிடத்தில் வார்ரோ எழுதுகிறார். உம்ப்ரியன் பொறிப்பில் வரும் குப்ரா அன்னை என்ற தெய்வத்தின் பெயரும் அதே சொல்லோடு சேர்கிறது. ‘மிக நல்ல’ என்பதற்கு ஆஸ்கன் மொழியின் பாந்தியா சட்டப் பலகையில் ‘வலைமொம்’ என்ற சொல் இருக்கிறது. அதன் வேரே வேறு. இலத்தீனிலும்கூடத் துவெனொஸ் தனித்து ஆளவில்லை. ‘நல்ல’ என்ற பொருளில் மானுஸ் என்ற மற்றொரு பழஞ்சொல்லும் இருந்தது, அதன் வடிவம் என்று கருதப்படும் ‘மானொம்’ அதே மட்கலப் பொறிப்பிலேயே நிற்கிறது.

கல்வெட்டியல் ஆய்வாளரின் முடிவு நேரானது: ஒரு கிளையில் மட்டும் சான்று இருந்தால், அந்தக் கிளையின் மூலத்துக்கு மட்டுமே அதை ஏற்ற வேண்டும். பேராசிரியர் வேறு வழியில் அணுகினார். இந்தச் சொல்லுக்கு இத்தாலிக் குடும்பத்துக்கு வெளியே இனச்சொல், அதாவது ஒரே மூலத்திலிருந்து பிறந்த உறவுச்சொல், இருக்குமானால், அது இந்தோ-ஐரோப்பியத்திலிருந்து வழிவழியாக வந்ததாகும். அப்படி வந்தால் தொல் இத்தாலிக் நிலையைக் கடக்காமல் இலத்தீனை அடைந்திருக்க முடியாது. ஆஸ்கனும் உம்ப்ரியனும் பின்னர் இழந்தன என்று மட்டுமே பொருள். ஆக, மட்டம் பற்றிய கேள்விக்கு விடை, பிறப்பு பற்றிய கேள்விக்குள் இருந்தது. வரைவில் இவ்விரண்டும் தனித்தனிப் பத்திகளில் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. அவற்றை இணைத்ததே இந்தப் பணியின் திருப்புமுனை என்பேன்.

வேர்

வெளியினச் சொற்களாக முன்மொழியப்படுபவை பழைய ஐரிஷில் ‘உறுதியான’ என்று பொருள்படும் தென் என்ற சொல்லும், வேத மொழியில் வழிபாட்டை, மதிப்பைக் குறிக்கும் துவஸ் என்ற சொல்லும். இலத்தீனுக்குள் ‘மகிழ்விக்க’ என்னும் பெயாரே வினையும், அதன் எச்சமான பெயாதுஸ் என்ற ‘பேறுபெற்ற’வும் இதே வேரினவாகக் கொள்ளப்படுகின்றன. *த்வெனொஸ் என்பதை அந்த வேரோடு எனொ என்ற ஒட்டுச் சேர்ந்ததாகப் பகுக்கின்றனர்.

மாணவி தம் வரைவில் வேரின் இறுதியில் இரண்டாம் குரல்வளை ஒலியை, அதாவது இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்குக் கணிக்கப்படும் குரல்வளை ஒலிகளுள் ஒன்றை, இட்டிருந்தார். பேராசிரியர் அதை நீக்கச் சொன்னார். காரணம் எளிது: இரண்டாம் குரல்வளை ஒலி தன்னை அடுத்த எகரத்தை அகரமாக மாற்றும் என்பது நிலைபெற்ற விதி. வேரின் இறுதியில் அது நின்றிருந்தால் ஒட்டின் முதல் எகரம் அகரமாகி, நமக்குத் ‘துவெ’ அல்ல, ‘துவ’ கிடைத்திருக்க வேண்டும். மட்கலமும் ஃபலிஸ்கன் பானையும் எகரத்தையே காட்டுகின்றன. பொறிப்பில் கண்கூடாக உள்ள உயிரோடு மோதும் வேரை வைத்துக்கொள்ள இயலாது. எனவே வேர் குரல்வளை ஒலியின்றி எழுதப்பட்டு, இனச்சொற்கள் ‘ஏற்கத்தக்கவை, உறுதியல்ல’ என்ற குறிப்போடு சேர்க்கப்பட்டன.

வாய்பாட்டின் கட்டங்கள்

கட்டம் கட்டமாகப் பார்த்தபோது சிக்கல் மிகுந்தது ஆறாம் வேற்றுமையில்தான். பொனுஸ் என்பதன் ஆறாம் வேற்றுமை ஒருமை இலத்தீனில் ஈகாரத்தில் முடிகிறது. ஆனால் 1977-இல் இத்தாலியின் சாத்ரிக்கும் என்ற பழைய ஊரில், மாதெர் மாதூதா என்ற தெய்வத்தின் கோயிலில் கிடைத்த, ஏறத்தாழக் கி.மு. 500-ஐச் சேர்ந்த கல், ‘பொப்லியொசியொ வலேசியொசியொ’ என்று ஒசியொ விகுதியைக் காட்டுகிறது. நாம் மேலே கண்ட அதே ஃபலிஸ்கன் பானையிலும் அந்த விகுதி உண்டு. எனவே *த்வெனொஸ்யொ முதன்மை வடிவமாக ஏற்கப்பட்டது. கெல்திய மொழிகளும் பகிர்ந்துகொள்வதால் ஈகார வடிவமும் பழமையானதாக இருக்கலாம் என்று, அது பக்கத்தில் வைக்கப்பட்டது.

ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வரைவு ஸ்கிப்பியோ கல்வெட்டின் துவொனோரொவை அப்படியே பின்னோக்கித் தள்ளி, ரகரத்தைப் பழைய ஸகரமாக்கி, *த்வெனோஸொம் என்று எழுதியிருந்தது. ஒரு வடிவம் பொறிப்பில் இருக்கிறது என்பதாலேயே அதன் விகுதி தொன்மையானதாகிவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஸகரம் கொண்ட விகுதி பெண்பாலுக்கே உரியது. ஆஸ்கனின் ‘எக்மஸும்’ என்ற வடிவமும், இலத்தீனின் ‘ஆரும்’ என்ற விகுதியும் அதற்குச் சாட்சி. இலத்தீன் பின்னர் பெண்பாலைப் பார்த்து ஆண்பாலுக்கும் அதைப்போல் ஒன்றைப் படைத்துக்கொண்டது. பழைய ஆண்பால் விகுதி எளிமையானது. ரோமானியக் காசுகளில் ‘ரோமானொம்’ என்றும், ஆஸ்கன் மொழியின் அபெல்லா கல்லில் ‘நோலா நகரத்தாருடைய’ என்ற பொருளில் ‘நூவ்லானும்’ என்றும் அது காணப்படுகிறது. எனவே ஆண்பாலுக்கு *த்வெனோம், பெண்பாலுக்கு *த்வெனாஸொம் என்று முடிவாயிற்று.

எழுவாய்ப் பன்மையில் இரு கிளைகளும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்துள்ளன. இலத்தீன், சுட்டுப்பெயரின் ஒய் விகுதியைப் பெயர்களுக்கும் பரப்பியது. ஆஸ்கன், பெயரின் ஓஸ் விகுதியைச் சுட்டு வினாப் பெயர்களுக்கும் பரப்பியது. ஆகவே பிரிவதற்கு முன் பெயருக்கு ஒன்றும் சுட்டுக்கு மற்றொன்றும் இருந்தன. பெயரடை பெயரைப் போலத் திரிவதால் *த்வெனோஸ் ஏற்கப்பட்டது.

மற்றவை விரைவாக முடிந்தன. இரண்டாம் வேற்றுமை *த்வெனொம், பன்மையில் *த்வெனொன்ஸ். ஐந்தாம் வேற்றுமை *த்வெனோத், ஸ்கிப்பியோ பார்பாதுஸின் கல்வெட்டில் உள்ள ‘க்னைவோத்’ அதற்குத் துணை. பெண்பால் ஒருமை *த்வெனா, *த்வெனாம், *த்வெனாஸ், *த்வெனாய், *த்வெனாத். பொதுப்பால் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் *த்வெனொம், பன்மையில் *த்வெனா. ஏழாம் வேற்றுமை *த்வெனெய் என்பது பெயர்களின் விகுதியைக் கொண்டு மட்டுமே இடப்பட்டது.

ஒப்பீட்டு வடிவங்கள் முற்றாக நீக்கப்பட்டன. இலத்தீன் ‘மேலும் நல்ல’ என்பதற்கு மெலியோர் என்றும் ‘மிக நல்ல’ என்பதற்கு ஒப்திமுஸ் என்றும் வேறு வேர்களிலிருந்து சொற்களை எடுத்தது. ஆஸ்கனும் மேலே கண்டவாறு வேறொரு வேரைப் பயன்படுத்தியது. இந்த அடியிலிருந்து அத்தகைய வடிவம் எப்போதேனும் உருவானது என்பதற்கு எந்த மொழியும் சாட்சி சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் பின்விளைவும்

ஒரே உடுக்குறிக்குப் பதிலாக மூன்று குறிகள் ஏற்படுத்தப்பட்டன. இதே பெயரடையின் மேல் பொறிப்பில் கண்ட விகுதியைக் கொண்ட கட்டத்துக்கு ஒன்று, பிற பெயர்களின் மேல் இரு கிளைகளிலும் கண்ட விகுதிக்கு ஒன்று, ஒரு கிளையிலோ கணிப்பிலோ மட்டும் நிற்பதற்கு ஒன்று. முதல் குறியைப் பெற்றவை எழுவாய் ஒருமை, நான்காம் வேற்றுமை ஒருமை, பெண்பால் ஆறாம் வேற்றுமை ஒருமை, ஃபலிஸ்கன் ‘துவெனொம்’ தரும் வடிவம் ஆகிய மிகச் சிலவே. முழு வாய்பாட்டில் எவ்வளவு சிறிய பகுதி நேரடிச் சான்றின் மேல் நிற்கிறது என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

பதிவைப் படித்த வெளி வாசகர் ஒருவர், இத்தனை குறிகள் தொடக்கநிலை மாணவரைக் குழப்பும், உறுதியற்ற கட்டங்களை வெறுமையாக விட்டுவிடலாம் என்றார். குழு அதை ஏற்கவில்லை. வெற்றுக் கட்டம், அந்த வேற்றுமையே மொழியில் இல்லை என்ற தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்பது காரணம். அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். அடுத்து *நொவொஸ், ‘புதிய’, என்ற பெயரடையை எடுத்தபோது இதே குறிமுறை பின்பற்றப்பட்டது. அங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. சமஸ்கிருத நவ, கிரேக்க நெயொஸ் ஆகிய இனச்சொற்களால் பிறப்பில் ஐயமே இல்லை, மட்டம் பற்றி விவாதிக்க எதுவும் இருக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

இனி ஒரு பெயரடையை எடுக்கும்போது வாய்பாட்டை வரையும் முன் மட்டத்தையும் பிறப்பையும் ஒரே பத்தியில் எழுதிவிட வேண்டும் என்று மாணவி பரிந்துரைத்தார். அது நடைமுறையாகியுள்ளது. ஒவ்வொரு சான்று வடிவத்தின் அருகிலும் அதன் காலம் எழுதப்பட வேண்டும் என்பது என் பரிந்துரை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் துவெனோயும் அதற்கு நெடுங்காலம் பிந்திய துவொனோரொவும் காலமின்றி ஒரே வரியில் நின்றதுதான், பிந்தியதன் விகுதியை மூலத்துக்கு ஏற்றும் போக்குக்கு இடம் கொடுத்தது.

மட்டம் என்ற கட்டத்தில் ‘தொல் இத்தாலிக்’ என்று எழுதப்பட்டு, ஐரிஷ், வேத இனச்சொற்கள் ஏற்கப்படும் வரையில் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறது. அவ்விரு ஒப்பீடுகளும் மறுக்கப்பட்டால், அல்லது ஆஸ்கன், உம்ப்ரியன் பொறிப்பொன்றில் இந்த அடி கிடைத்தால், அந்தக் கட்டம் மீண்டும் திருத்தப்படும்.